வாகனக் கிடாவும் வெட்டுக் கிடாவும்

திருத்தணி என்றால் பக்தருக்கு முருகன். பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன். மேடைப் பேச்சாளருக்கு ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டமும். மனை விற்பவருக்கு 'சென்னைக்கு மிக அருகில்'. மற்ற எல்லோருக்கும், சித்திரை பிறந்தால் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடுகிற வரி: வெயில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள், வேலூர், திருத்தணி. அந்த நூறு டிகிரியில் தலையில் துண்டும் தோளில் தொரட்டியுமாக எண்பது, நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலமர நிழல் தேடி அலைகிறவர்களுக்கும் இதே ஊர்தான். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆட்டுக்கு மட்டும் மரியாதை உண்டு. கந்தபுராணம் கேட்டவர்களுக்குத் தெரியும்: நாரதர் செய்த வேள்வியில் ஒரு கிடா கிளம்பி உலகத்தையே முட்டித் தள்ள, முருகன் வீரவாகுவை அனுப்பி அதைப் பிடித்துவரச் செய்து, ஏறி அமர்ந்துகொண்டார். முருகன் கோயில் திருவிழாக்களில் ஆட்டுக்கிடா வாகனம் வருவது அதனால்தான். கொம்பு முறுக்கி, மார்பு நிமிர்ந்து, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். நம் கால்நடைக் கொள்கையை வகுப்பவர்கள் மனத்தில் இருக்கிற ஆடும் இதுதான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். மரத்தால் ஆனது. நிறுத்திய இடத்தில் நிற்கும். மேயாது, புழுக்கை போடாது, மூக்கொழுகாது, ஆந்திர எல்லையைத் தாண்டாது. மாலை போட்டால் போட்டோவுக்குத் தோதாக இருக்கும்.

ரத்தமும் சதையுமான ஆட்டை வைத்திருப்பவன் பாடுதான் நாய் படாத பாடு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். ஐந்தாண்டில் ஏழு லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு. மொத்தம் 28 லட்சம். பிறகு ஆட்சி மாறியது, ஆடு மாறவில்லை. 2021இல் வந்தவர்கள் 38,800 ஆதரவற்ற பெண்களுக்குத் தலா ஐந்து ஆடு என்றார்கள். நான்கா, ஐந்தா? மேய்ச்சல் பொருளாதாரம் குறித்து இரண்டு கழகங்களுக்கும் இடையே நடந்த கொள்கை விவாதம் இவ்வளவுதான்.

ஏழைப் பெண்ணுக்கு ஆடு கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் என் வாய் புழுத்துப் போகும். குட்டி விற்றுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு செய்த வீடுகள் இருக்கின்றன. என் வயிற்றெரிச்சல் வேறு. ஆடு இல்லாதவருக்கு ஆடு கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஆடு இருப்பவரின் ஆடு சாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட இல்லை. அதில் ஆதாயம் இல்லை. ஆடு கொடுத்தால் மேடை, மைக், முதல் பக்கப் படம். சாகாமல் இருந்த ஆட்டுக்கு எந்த மந்திரி மாலை போடுவார்?

அதே 2011இல் உலகம் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தது. ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோய் பூமியைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. அந்த நோய்க்கு ஒரு தம்பி உண்டு, ஆட்டுக்கொல்லி. காய்ச்சலில் தொடங்கும், கண்ணும் மூக்கும் ஒழுகும், வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல், இழுப்பு. குட்டிகள் அதிகமாகப் போகும். இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்த அரசூர்க் கிருமியையே பிடித்து அடக்கி, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஆக்கினார்கள். அதற்குப் பெயரே அரசூர் 87. ஆட்டுக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில். ஒருமுறை போட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை.

இன்னும் கேளுங்கள். திருத்தணியிலிருந்து சோளிங்கர் தாண்டிப் போனால் ராணிப்பேட்டை. 1932 முதல் அங்கே கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. அடைப்பான், தொண்டை அடைப்பான், துள்ளுமாரி என்று தலைமுறை தலைமுறையாக மருந்து காய்ச்சிய இடம். ஆக, நாட்டில் நோய் முதலில் தென்பட்டது நம் ஊர், ஊசியைச் செய்தது நம் பல்கலைக்கழகம், மருந்து நிலையம் பக்கத்து மாவட்டம். செத்த குட்டி மட்டும் மேய்ப்பவனுடையது. அதில் யாரும் பங்கு கேட்கவில்லை.

துள்ளுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கரட்டில் முதல் மழைக்குப் பிறகு பச்சை துளிர்க்கும். பசித்த ஆடு வாய் கொள்ளாமல் மேயும். குடலில் சும்மா கிடந்த கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். காலையில் துள்ளிக்கொண்டு போன குட்டி, சாயங்காலம் நாலு காலையும் உதைத்துக்கொண்டு கிடக்கும். மந்தையிலேயே கொழுத்த குட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிற நோய் இது. மருந்து கொடுக்க அவகாசமே இருக்காது. மழைக்கு முன்னாலேயே ஊசி போட்டிருக்க வேண்டும். மழை எந்த மாதம் வரும் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா? ஆடிக் கிருத்திகைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிற தேதி ஒரு வருஷமாவது தவறியிருக்கிறதா? முருகனுக்குக் காவடி வருகிற நாள் தெரிகிறது, ஆட்டுக்குச் சாவு வருகிற மாதம் தெரியாதாம்.

எல்லையோரத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் கண்டது. எந்த ஊர் என்று சொல்லிப் பயனில்லை. பல ஊர்களில் இதுதான். பெரியவர் ஒருவர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குட்டியின் மூக்கு அவர் சட்டையிலேயே ஒழுகியிருந்தது. துடைக்கவில்லை.

"என்னாச்சு?"

"கழியுது சார். மூக்குல வேற ஊத்துது. பட்டில இன்னும் பத்து பன்னெண்டு இதே மாதிரி கீது."

"அதையும் இட்டுகினு வரவேண்டியதுதானே?"

"நூறு ஆடு சார். பஸ்ல ஏத்த மாட்டான்."

"இந்தா, எழுதித் தரேன். மெடிக்கல்ல வாங்கிக்க."

பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெலுங்கும் பேச வரும், தமிழும் பேச வரும். அந்தக் கையெழுத்து இரண்டிலும் சேர்த்தியில்லை.

டாக்டரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆள், சுற்றிலும் பத்துப் பதினைந்து ஊர். காலையில் சினை ஊசிக்கு நிற்கிற மாடுகள். அப்புறம் காணொலிக் கூட்டம், கணக்கெடுப்பு, செல்போன் செயலியில் பதிவேற்றம். ஆட்டின் வாயைத் திறந்து பார்ப்பது அந்த வேலைப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று அவருக்கே தெரியாது.

பதிவேற்றம் என்றேனே, அது காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லை. பன்னிரண்டு இலக்க எண். மனிதருக்கு ஆதார் மாதிரி மாட்டுக்கும். 2019 செப்டம்பரில் பிரதமர் மதுராவில் தொடங்கிவைத்த 13,343 கோடி ரூபாய்த் தடுப்பூசித் திட்டம் இந்த வில்லையை நம்பித்தான் ஓடுகிறது. நல்ல யோசனைதான். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். எந்த மாட்டுக்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று தெரிய எண் வேண்டும். ஆனால் எண் வந்தபின் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். காப்பீட்டில் எழுதப்படாத வேதம் இல்லை, எழுதிய வேதமே உண்டு: வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. அதனால் காட்டில் செத்த ஆட்டை மேய்ப்பவன் முதலில் அழுவதில்லை. கத்தியை எடுத்து வில்லையோடு காதை அறுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். உடம்பு நரிக்கு, காது கம்பெனிக்கு. உயிரோடு இருந்தபோது அந்த ஆட்டை எட்டிப் பார்க்காத நிர்வாகம், செத்த பிறகு அதன் காதை உற்றுப் பார்க்கிறது.

சரி, புதிதாக ஆட்டுத் தொழிலில் இறங்க விரும்புகிறீர்களா? டெல்லி உங்களைக் கை விடாது. தேசியக் கால்நடை இயக்கத்தில் 500 பெட்டையும் 25 கிடாவும் கொண்ட பண்ணைக்குப் பாதிச் செலவு மானியம், 50 லட்சம் ரூபாய் வரை. சிறியது வேண்டுமென்றால் 100 பெட்டை, 5 கிடா. நிலம் வேண்டும், சொந்தமோ குத்தகையோ. திட்ட அறிக்கை வேண்டும். வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் சாப்ட்வேர் வேலையில் சலித்துப் போனவர், யூடியூபில் பரண்மேல் ஆடு வளர்ப்பு பார்த்துவிட்டு, இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் தயார் செய்துவிடுவார். பிறந்தது முதல் நூறு ஆட்டோடு நடக்கிறவரிடம் பெட்டை நூறும் இருக்கிறது, கிடா ஐந்தும் இருக்கிறது, நிலம்தான் இல்லை. நிலம் இருந்தால் அவர் ஏன் ஐயா நடக்கிறார்?

இனவிருத்திக் கதை இதைவிட அவலம். இந்த வட்டாரத்துச் செம்மறிக்கு மெட்ராஸ் ரெட் என்று ஏட்டுப் பெயர். சிவந்த உடம்பு, கம்பளி கிடையாது, கறிக்கு உரியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வெயிலுக்கென்றே உருவான இனம். காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்று மேம்பாட்டுத் திட்டமும் நடக்கிறது. ஆனால் மந்தையில் நடக்கும் இனத்தேர்வைச் செய்கிறவர் விஞ்ஞானி இல்லை, தரகர். மூன்று நான்கு மாதத்தில் எந்தக் கிடாக்குட்டி மற்றதைவிட ஒரு பிடி உயர்ந்து, தொடை திரண்டு நிற்கிறதோ, அதைத்தான் முதலில் கேட்பார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ஒரு தொகை சொல்வார். மேய்ப்பவருக்குக் கடன் இருக்கும், பெண்ணுக்குச் சீர் இருக்கும், தலையாட்டிவிடுவார். ஆடியில் அம்மனுக்கு, பக்ரீத்துக்கு, தீபாவளிக்கு என்று நல்ல நல்ல கிடாவெல்லாம் கத்திக்குப் போய்ச் சேரும். இந்த ஒரு காரியத்தில் நாட்டில் மத நல்லிணக்கம் குறைவில்லாமல் இருக்கிறது. விலை போகாமல் மந்தையில் மிஞ்சுகிற சோப்ளாங்கிதான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். அதுவும் ஒன்றிரண்டு வருஷமல்ல. தன் மகளையும் பேத்தியையும் தானே சேர்கிற வரைக்கும் அதே மந்தையில் பொலிகிடாவாக நிற்கும். குட்டி சிறுத்துக்கொண்டே போகும், சாவு ஏறிக்கொண்டே போகும். வெளியாள் நுழையாமல் ஒரே ரத்தம் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன ஆகும் என்பதை நம் கட்சித் தலைமைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வைத்தியம் பெரிய ராக்கெட் விஞ்ஞானமா? தரகர் சொல்கிற விலைக்கு மேல் ஒரு தொகை கொடுத்து, மந்தையின் முதல்தரக் கிடாக்குட்டியை வெட்டுக்குப் போகாமல் நிறுத்த வேண்டும். வளர்ந்ததும் இரண்டு வருஷம் இந்தப் பட்டியில், அடுத்த இரண்டு வருஷம் பக்கத்து ஊர்ப் பட்டியில் என்று மாற்றிவிட வேண்டும். எத்தியோப்பியாவில் மென்ஸ், போங்கா செம்மறி வைத்திருக்கும் ஊர்களில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இதைச் செய்கிறார்கள். எந்தக் கிடா நிற்க வேண்டும் என்று மேய்ப்பர்களே கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். விஞ்ஞானி எடை போட்டுக் கணக்குக் கொடுக்கிறார். அங்கே தரித்திரம் நம்மைவிட அதிகம்.

நம் ஊரில் இனப்பாதுகாப்பு என்றால் வேறு பொருள். திருத்தணி ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சித்தூரின் புங்கனூர்க் குட்டை மாடு, கிட்டத்தட்ட அழிகிற நிலைக்குப் போனது. வறண்ட பூமியில் கொஞ்சம் தின்று கொஞ்சம் பால் கொடுத்த ஏழை வீட்டு மாடு அது. ஏழை வைத்திருந்தவரை அதைச் சீண்டுவாரில்லை. 2024 பொங்கலையொட்டிப் பிரதமர் தன் வீட்டுப் புல்வெளியில் அதற்குத் தீனி கொடுக்கும் படம் வந்தது. இன்று லட்சங்களில் விலை பேசுகிறார்கள். வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாட்டு இனம் பிழைக்க வேண்டுமானால் அது சோபா உயரத்தில் பிறக்க வேண்டும் போலிருக்கிறது. மெட்ராஸ் ரெட் கிடா அந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்கட்டை, நாற்றமடிக்கும், முட்டும்.

காளைக்குச் சட்டமே உண்டு. 2019இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றியபடி, இனவிருத்திக்கு விடுகிற காளைக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். கோயில் காளை இனிமேல் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கட்டும். பத்து வகைச் சான்றிதழ் வாங்கி அலுத்துப் போன மனிதர்களோடு பேச்சுத்துணையாவது கிடைக்கும்.

ஊசியும் கிடாவும் இருந்தால் போதுமா, மேய இடம்? கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகை இருக்கிறது. ஏட்டில் ஆடு மேய்கிறது. நேரில் போனால் சிவப்பு வெள்ளை பூசிய மனைக்கல், காற்றில் படபடக்கும் கலர்த் தோரணம், ஏதாவதொரு அம்மன் பெயரில் நகர். கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. 28 லட்சம் ஆடு கொடுப்போம் என்று நாம் கிளம்பியதும் அதே வருஷம். இவை எங்கே மேயும் என்று கேட்கிற மரியாதைக் குறைவான வேலையை யாரும் செய்யவில்லை. ஆட்டுக்கு உத்தரவு, மனைக்குப் பட்டா.

காட்டுக்குள் போகலாம் என்றால், 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. சில நாளில் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மட்டும் என்றது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் காட்டோரத்தில் நிற்கும் காவலர் கையில் இருப்பது சட்டப் புத்தகம் இல்லையே, லத்திதானே.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. முட்டாள்கள் தினத்தில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்லலாம். கோடு போட்டவர்கள் மனிதருக்குப் போட்டார்கள். ஆட்டுக்கொல்லிக் கிருமிக்கு அந்தக் கோடு தெரியாது. நகரிப் பக்கம் தண்ணீர் இருந்தால் மந்தை அங்கே போகும், இங்கே புல் இருந்தால் இங்கே வரும். உயரம் பார்த்து நெல்லூர்க் கிடாவும் இந்தப் பக்கம் வரும், அதோடு எது வேண்டுமானாலும் வரும். ஊசி போடுகிற முகாம் மட்டும் அவரவர் மாநிலத்துக் காலண்டரில். நடக்கிறவன் இரண்டு முகாமுக்கும் நடுவில் எங்கேயோ இருப்பான். இங்கே கேட்டால் ஆந்திரா ஆடு. அங்கே கேட்டால் அரவத்து ஆடு.

நம்பிக்கைக்கும் இடம் வைக்கிறேன், ஒரு சின்ன இடம். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல் தடவையாக மேய்ப்பர்களைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். அதற்கு முந்தைய இருபது கணக்கெடுப்பிலும் ஆட்டை எண்ணினார்கள், கோழியை எண்ணினார்கள், பின்னால் தொரட்டியோடு நடந்தவனை எண்ணவில்லை. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையும் அறிவித்துவிட்டது. இனி குளிரூட்டிய அரங்குகளில் கருத்தரங்கம் நடக்கும். மதியம் மட்டன் பிரியாணி உண்டு. மேய்ப்பர்களின் பங்களிப்பு இலையில் பரிமாறப்படும்.

வெக்கை நோயை ஒழித்தது கருத்தரங்கம் இல்லை. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் வண்டி போகாத பாலையில் மந்தைகள் கிடந்தன. வெயிலில் கெடாத தடுப்பூசியைச் செய்தார்கள். மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டுப் பழக்கி, சிரிஞ்சை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அரசு டாக்டரால் போக முடியாத இடத்துக்கு அவர்கள் போனார்கள். மந்தை எங்கே இருக்கும், எப்போது இருக்கும், எந்த மாடு முடங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகத்தைவிட்டே ஒழிப்பதாகச் சர்வதேச அமைப்புகள் கெடு வைத்திருக்கின்றன. அரசூர் நம்மிடம் இருக்கிறது, ராணிப்பேட்டை நம்மிடம் இருக்கிறது, படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகளும் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள். மூன்றையும் ஒரே பட்டியில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு எந்த ஆணையம், எந்த ஆலோசனைக் குழு, எந்த உலக வங்கிக் கடன் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கால்நடைத் துறைப் பெரியவர்களே, ஆந்திரப் பக்கத்துத் துறைப் பெரியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மழைக்கு முன்னால் ஒரே வாரத்தில், எல்லையின் இரண்டு பக்கமும் வாருங்கள். பகலில் வராதீர்கள், மந்தை கரட்டில் இருக்கும். பொழுது சாய்ந்து ஆறரைக்கு மேல் வாருங்கள். ஆடெல்லாம் பட்டியில் அடைந்திருக்கும், பிடித்துக் கொடுக்க வீட்டு ஆட்கள் இருப்பார்கள். பேனர் வேண்டாம், ஆடு தின்றுவிடும். ஐஸ் பெட்டியில் மருந்து, போதுமான ஊசி, ஒரு டார்ச் லைட். இவை போதும்.